பேர்ட் தொங்சாயைப் பற்றி எழுதுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

போன மாதம் என்னிடம் திருத்த வந்த கட்டுரைகளில் இரண்டு, தாய்லாந்துப் பாடகரும் நடிகருமான தொங்சாய் மெக்கின்டயரைப் பற்றியவை. எழுதிய இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. ஆனாலும் ஒரே இடத்தில் வழுக்கியிருந்தார்கள். பல வருஷத்துக்கு முன்னால் நான் விழுந்த அதே இடம். ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை பற்றியெல்லாம் சொல்லப் போவதில்லை. அதற்கு புரூஃப் பார்ப்பவர் இருக்கிறார்.

குடும்பப் பெயரால் அழைப்பது

"மெக்கின்டயர் பாடினார், மெக்கின்டயர் நடித்தார்" என்று கட்டுரை முழுக்க எழுதுகிறார்கள். தாய்லாந்தில் குடும்பப் பெயர் சட்டப்படி வந்ததே 1913இல்தான். இன்றைக்கும் பிரதமரைக்கூட முதல் பெயரால்தான் குறிப்பிடுவார்கள். மெக்கின்டயர் என்பது அப்பா வழி ஸ்காட்லாந்து உறவில் ஒட்டிக்கொண்ட பெயர். ஆகவே ஒருமுறை முழுப் பெயரைச் சொல்லிவிட்டு, அப்புறம் தொங்சாய் என்றோ, செல்லப்பெயரில் பேர்ட் என்றோ எழுதுங்கள். ரசிகர்கள் அந்தப் பெயருக்கு முன்னால் "பீ" என்று சேர்ப்பார்கள். வயதில் மூத்தவரை உறவோடு விளிக்கும் சொல். அதை மட்டும் அப்படியே தமிழில் போட்டுவிடாதீர்கள். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. "பேர்ட் அண்ணன்" போதும்.

"தாய் மொழிப் பாடகர்"

நாம் எல்லோருமே தாய்மொழியில்தான் பாடுகிறோம். தாய்லாந்து மொழி என்று முழுசாக எழுதுங்கள்.

நாடகத்தையும் படத்தையும் ஒன்றாக்குவது

என் காசைத் தின்ற தவறு இதுதான். தொம்மயந்தி எழுதிய ஒரு நாவல், பெயர் "கூ கம்". கூ என்றால் ஜோடி, கம் நம்முடைய கர்மம்தான். இரண்டாம் உலகப் போர்க்கால பாங்காக்கில் ஜப்பானியக் கடற்படை அதிகாரி கோபோரிக்கும் அங்சுமாலின் என்ற தாய்லாந்துப் பெண்ணுக்கும் நடக்கும் கதை. அந்தக் கதையைத் திரும்பத் திரும்ப நாடகமாகவும் படமாகவும் எடுத்திருக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், தொங்சாய் இரண்டு முறை கோபோரியாக நடித்தார். 1990இல் 7ஆம் சேனல் தொடரில் ஒருமுறை, 1995இல் சினிமாவில் இன்னொருமுறை.

ஒரு மாத இதழின் சிறப்பிதழுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். மேசையில் இரண்டு படங்கள். இரண்டிலும் அதே முகம், அதே கடற்படைச் சீருடை. ஒன்று கொஞ்சம் பளிச்சென்று இருந்தது, அதை எடுத்து "பேர்டை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்த தொடர், 1995" என்று குறிப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். படம் சினிமாவுடையது, வாசகம் தொடரைப் பற்றியது, வருஷம் சினிமாவுடையது. அச்சாகி வந்த பிறகு பாங்காக்கில் சில காலம் வேலை பார்த்த ஒருவர் போனில் கேட்டார்: "தொடரில் கூட நடித்தது கமொன்சனோக் ஆயிற்றே, நீங்கள் அபாசிரி படத்தைப் போட்டிருக்கிறீர்களே?" பதினாறு பக்க ஃபாரம் ஒன்றை மறுபடி அடித்தார்கள். பாதிச் செலவு என் சம்பளத்தில் பிடித்தம்.

பணம் போனதைவிட எனக்கு இன்னும் எரிச்சல் தருவது வேறு. அந்த ஒரு வருஷம் தப்பினால் அவருடைய வாழ்க்கையின் வரிசையே கலைந்துவிடுகிறது. முதல் ஆல்பம் 1986. பூமராங் ஆல்பம் 1990. தொடரும் அதே 1990. ஒரே வருஷத்தில் டேப்பிலும் டிவியிலும் அவர்தான் என்பதுதான் செய்தி. 1995 என்று எழுதினால், பாட்டில் ஜெயித்துப் பல வருஷம் கழித்து ஆசைக்கு நடிக்க வந்தவர் மாதிரி ஆகிவிடும். உண்மையில் முதல் ஆல்பத்துக்கு முன்பே சின்னத்திரையில் முகம் காட்டியவர் அவர். போன மாதக் கட்டுரைகள் இரண்டிலும் இதே குளறுபடி. ஒருவர் அதன்மேல் "தாமதமாக மலர்ந்த நடிகர்" என்று ஒரு பத்தியே கட்டியிருந்தார்.

ஆகவே கோபோரியைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் நிற்கும் பெண்ணைப் பாருங்கள். கமொன்சனோக் என்றால் தொடர். அபாசிரி என்றால் சினிமா.

புத்த ஆண்டு

தாய்லாந்துக் குறிப்புகளில் வருஷம் புத்த ஆண்டுக் கணக்கில்தான் இருக்கும். அதிலிருந்து 543ஐக் கழியுங்கள். 2533 என்றால் 1990, 2538 என்றால் 1995.

ஒரே ராத்திரியில் நட்சத்திரம்

பிறந்தது 1958 டிசம்பரில். பேங்கில் வேலை பார்த்தார், பாட்டுப் போட்டிக்குப் போனார், பிறகு கிராமி என்ற தாய்லாந்து இசை நிறுவனத்தில் தயாரிப்பாளர் ரேவத் புத்தினன் கைக்கு வந்து சேர்ந்தார். முதல் ஆல்பம் வந்தபோது வயது 27ஐத் தாண்டிவிட்டது. எத்தனை ராத்திரி என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பூமராங்கோடு நிறுத்துவது

நாற்பதைத் தாண்டிய பிறகு, 2002இல், ஈசான் என்ற வடகிழக்குத் தாய்லாந்து வட்டாரத்துப் பாடகி ஜிந்தரா போன்றவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு ஆல்பம் போட்டார். பூமராங் காலத்தில் பிறந்தேயிராத குழந்தைகளும் அதைப் பாடினார்கள். அதில் பெரிதாக ஓடிய பாட்டு "ஃபேன் ஜா". தாய்லாந்தில் "ஃபேன்" என்றால் காதலி அல்லது காதலன். வீட்டுக்காரர், வீட்டுக்காரி என்றும் வழங்கும். போன மாதக் கட்டுரை ஒன்றில் அதை "அன்பு ரசிகையே" என்று மொழிபெயர்த்து, அவர் ரசிகர்கள்மேல் வைத்திருக்கும் பாசத்துக்கு அதையே சாட்சியாக நிறுத்தியிருந்தார்கள். கூப்பிட்டுச் சொன்னேன். திருத்திய பிரதி இன்னும் வரவில்லை.