பாடி கட்டும் பட்டறையில் கூலி ஏறியதா, இறங்கியதா: கணக்குப் போடும் முறை

லாரி, வேன் போன்ற வண்டிகளுக்குப் பாடி (மேற்கூடு) கட்டி, பாடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கூலி பேசும் பட்டறையில், போன வருஷத்தைவிட மூவாயிரம் கூடுதலாக வாங்கியும் கூலி இறங்கியிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க உழைத்த மணி, கைக்கு வந்த பணம், விலைவாசி மூன்றும் வேண்டும்.

முதலில் மணி. சேசிஸ் (பாடி இல்லாத வண்டியின் அடிச்சட்டம்) உள்ளே வந்த நாளிலிருந்து வண்டி வெளியே போகும்வரை, ஆள்வாரியாக ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள். ஃப்ரேம், தகடு வெட்டு, வெல்டிங், பலகை, பட்டி (பெயின்ட்டுக்கு முன் தகட்டைச் சமன் செய்யப் பூசும் பசை), பெயின்ட் எல்லாம் தனித்தனி வரி. ‘12 நாள்’ என்று மொத்தமாக எழுதினால் பிற்பாடு ஒன்றும் விளங்காது. நீலகிரியில் மணியைத் தின்பது பட்டியும் பெயின்ட்டும்தான். கூடலூரில் ஜூன் முதல் செப்டம்பர்வரை, குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பரில் தகட்டில் ஈரம் வியர்த்தபடியே இருக்கும். ஈரத் தகட்டில் இழுத்த பட்டி பிடிக்காது. காயாத பட்டிமேல் பெயின்ட் அடித்தால் கொப்பளம் கிளம்பும். சுரண்டி, உப்புத்தாள் போட்டு, மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். சுரண்டிய மணியையும் காய்வதற்காகக் காத்திருந்த மணியையும் விடாமல் எழுதுங்கள். நாமக்கல், கரூர் வெயிலை வைத்துப் போட்ட ரேட் மலையில் ஒத்துவராதது இதனால்தான்.

அடுத்து பணம். வெல்டிங் ராடு, கட்டிங் வீல், கேஸ் செலவு கூலிக்காரர் கையிலிருந்து போனால் அதைக் கழித்துவிடுங்கள். முன்பணப் பிடித்தத்தைக் கழிக்காதீர்கள். அது ஏற்கெனவே வாங்கிய கூலி.

ஒரு மாதிரிக் கணக்கு. பச்சை இலை ஏற்றும் வண்டிக்குப் பாடி, 4 பேர், 12 நாள், நாளுக்கு 8 மணி: 384 மணி. போன வருஷ ரேட் 45,000 ரூபாய் என்றால் மணிக்கு 117.19. இந்த வருஷம் ரேட் 48,000. ஆனால் மழையில் இரண்டு பேருக்கு 4 நாள் கூடுதலாக இழுத்து 448 மணி ஆகிவிட்டது. மணிக்கு 107.14தான்.

இனி விலைவாசி. மத்திய அரசின் லேபர் பீரோ மாதந்தோறும் வெளியிடும் தொழில்துறைத் தொழிலாளர் விலைவாசிக் குறியீட்டில் (CPI-IW) குன்னூரே ஒரு மையம். அந்த எண்ணையே எடுங்கள், இரண்டு வருஷத்துக்கும் ஒரே மாதத்தில். குறியீடு 140லிருந்து 147 ஆகியிருந்தால் 5 சதவீத ஏற்றம். 107.14ஐ 1.05ஆல் வகுத்தால் 102.04. போன வருஷத்து 117.19ஓடு ஒப்பிட்டால், ரேட் கூடிய வருஷத்தில் உண்மைக் கூலி, அதாவது விலைவாசி ஏற்றம் போக மிஞ்சும் கூலி, கிட்டத்தட்ட 13 சதவீதம் இறங்கியிருக்கிறது. 2020 செப்டம்பருக்கு முந்தைய எண்களை நேராக ஒப்பிடாதீர்கள். அந்த மாதத்திலிருந்துதான் 2016ஐ 100 எனக் கொண்ட வரிசை வருகிறது.

மாதச் சம்பள ஆட்களுக்கு, இ.எஸ்.ஐ.யில் முதலாளி கட்டும் 3.25 சதவீதம், பி.எஃப். 12 சதவீதம், குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம் ஆகியவற்றில் உண்மையில் கட்டப்படுவதை மட்டும் சம்பளத்தோடு சேருங்கள். ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி வந்ததா என்றும் பாருங்கள். தமிழ்நாட்டில் குறைந்தபட்சக் கூலியின் பஞ்சப்படி (விலைவாசிக்கேற்பச் சேர்க்கும் தொகை) ஏப்ரல் 1 அன்று மாறுவதால், நோட்டை மார்ச் மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.

கூலி பேசும்போது ரேட்டை இரண்டாகப் பிரியுங்கள்: வெல்டிங், பலகை வரை மொத்த ரேட், மழை மாதங்களில் பட்டிக்கும் பெயின்ட்டுக்கும் நாள் கூலி. காயாத தகட்டின் நஷ்டம் ஒருவர் தலையிலேயே விழாமலிருக்க வேறு வழியில்லை.