செல்ஃப் சுற்றுகிறது, வண்டி எழவில்லை

திண்டுக்கல்லில் எங்கள் பட்டறைக்குக் காலையில் வரும் அழைப்புகளில் பல இப்படித்தான் தொடங்கும்: "அண்ணே, செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி மாற்றிவிடட்டுமா?" வேண்டாம். எஞ்சினை வழக்கமான வேகத்தில் சுற்றுகிற பேட்டரி தன் வேலையைச் செய்துவிட்டது. பெட்ரோல் காரில் அடுத்துப் பார்க்க வேண்டியவை பெட்ரோலும், அதை எரிக்கப் பிளக்கில் எழும் தீப்பொறியும்.

முதலில் சாவியிலிருந்து கையை எடுங்கள். 10 வினாடிக்கு மேல் செல்ஃப் அடித்தால் மோட்டார் சூடேறிப் புதுச் செலவு வரும். அடித்தபோது எழுந்த சத்தத்தை நினைத்துப் பாருங்கள். வழக்கமாக ஏறி இறங்கும் சத்தம், திணறலே இல்லாமல் ஒரே சீராக வேகமாக ஓடியதா? பிஸ்டனும் வால்வும் ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். மறுபடி முயன்றால் பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் மோதி வளையும். அப்படியே கட்டி இழுத்து வாருங்கள். மழைத் தண்ணீருக்குள் ஓட்டி நின்ற வண்டிக்கும் இதுதான் விதி.

சத்தம் சரியென்றால் டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா? சிரிக்காதீர்கள். முள் கால் டேங்க் காட்டியதை நம்பி இரண்டு மணி நேரம் பம்ப்பைக் கழற்றி மாட்டியவன் நான். டேங்குக்குள் பெட்ரோல் அளவை முள்ளுக்குச் சொல்லும் மிதவை சிக்கியிருந்தது. டேங்க் காலி.

பிறகு ரேடியோவை அணைத்துவிட்டுச் சாவியை ஆன் நிலையில் வையுங்கள். பெரும்பாலான வண்டிகளில் பின் சீட்டுக்கடியில் பம்ப் இரண்டு வினாடி முனகும். முனகல் இல்லையென்றால் பம்ப்பின் ஃபியூஸைப் பாருங்கள், அடுத்து அதற்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயை. அதே எண் போட்ட ஹாரன் ரிலே இருந்தால் அதை இங்கே மாற்றிக் குத்திப் பாருங்கள். டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னிக்கொண்டே இருந்தால், வண்டிக்கு உங்கள் சாவியை அடையாளம் தெரியவில்லை. வீட்டிலுள்ள மாற்றுச் சாவியை எடுத்து வாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தால் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். இஞ்செக்டர் மூலம் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டிகள் பலவற்றில் அப்போது பெட்ரோல் நின்று, நனைந்த பிளக் காய வழி கிடைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஆர்பிஎம் முள். செல்ஃப் சுற்றும்போது அது சற்றும் அசையவில்லையா? எஞ்சின் சுற்றுவதை வண்டியின் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மீது சந்தேகம் கொள்ளுங்கள். சில வண்டிகளில் முள் இயல்பாகவே அசையாது என்பதால் அந்தக் கணினியைப் படிக்கும் ஸ்கேனரிலும் பார்த்துவிடுவது நல்லது. போன சித்திரையில் ஒரு வண்டி வந்தது. மதியம் நிற்கும், அரை மணி நேரம் ஆறினால் ஓடும். வேறெங்கோ பம்ப், பிளக் எல்லாம் மாற்றிவிட்டார்கள். நின்ற நேரத்தில் சென்சார் மீது ஈரத் துணியைப் போட்டேன். சிறிது நேரத்தில் பிடித்துக்கொண்டது. சூட்டில் உள்ளே தொடர்பு விட்டுப்போகும் சென்சார் அது.

பொறி பார்க்கப் பிளக்கைக் கையில் பிடித்து பாடியில் உரசும் பழைய வித்தை மட்டும் வேண்டாம். பிளக்குக்கு மின்சாரம் தரும் இன்றைய காயில் பல்லாயிரம் வோல்ட் தள்ளும். அதற்கென்று விற்கும் சோதனைக் கருவியை மாட்டுங்கள்.

பானெட்டைத் திறந்ததும் எலிப்புழுக்கை கண்ணில் பட்டால் இந்த வரிசையெல்லாம் அப்புறம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, எலி கடித்த இடம் இருக்கிறதா என்று இஞ்செக்டர் வயர்களை விரலால் தடவிக்கொண்டே போங்கள்.