முட்டையும் முயலும் கெல்டிக் அல்ல: இம்போல்க் கொண்டாட நினைப்பவர்களுக்கு

வசந்தத்தை வரவேற்கும் கெல்டிக் பேகன் சடங்கு, அதாவது அயர்லாந்து முதலிய கெல்டிக் மொழி நாடுகளின் கிறிஸ்தவத்துக்கு முந்தைய வழிபாடு, என்று இணையத்தில் தேடினால், மார்ச் 21, வண்ண முட்டை, முயல், 'ஒஸ்தாரா' என்று ஒரு கலவை வந்து விழும். அதில் கெல்டிக் என்று சொல்ல எதுவும் இல்லை. 8ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயத் துறவி பீட், ஏயோஸ்ட்ரே என்ற தேவதையைச் சில வரிகளில் குறிப்பிடுகிறார். முட்டையும் முயலும் அங்கே கிடையாது. அந்த வரிகளை வைத்து ஒஸ்தாரா என்ற ஜெர்மானியத் தேவதையை 1835இல் ஊகித்தவர் யாக்கோப் கிரிம். இன்றைய பேகன்களின் எட்டுப் பண்டிகைகள் கொண்ட 'ஆண்டுச் சக்கரம்' கூட 1950களில் பிரிட்டனில் கோத்தெடுத்ததுதான். கொண்டாடுங்கள், தவறில்லை; ஈராயிரம் ஆண்டுப் பழமை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அயர்லாந்தின் மரபுக் கணக்கில் வசந்தம் பிறப்பது பிப்ரவரி 1. இம்போல்க் என்று பெயர். வெளியே குளிர் விட்டிருக்காது. ஆனால் சினை ஆடுகளின் மடியில் பால் கட்டத் தொடங்கியிருக்கும். மார்ச் வரை காத்திருப்பவர் விருந்து முடிந்த வீட்டின் கதவைத் தட்டுகிறார்.

பிப்ரவரி 1 என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. பழைய கணக்கில் நாள் தொடங்குவது பொழுது சாய்ந்ததும். ஆகவே வீட்டுச் சடங்குகள் எல்லாம் ஜனவரி 31 இரவில். பல ஊர்களில் அன்று வீட்டுப் பெண் ஒருத்தி, கோரையை ஒத்த ஈரநிலப் புல்லை ஒரு கட்டாகச் சுமந்துகொண்டு வாசலுக்கு வெளியே நிற்பாள். "முழந்தாளிடுங்கள், கண்களைத் திறங்கள், பிரிஜித்தை உள்ளே விடுங்கள்" என்று குரல் கொடுப்பாள். பிரிஜித் அயர்லாந்தின் புனிதை; அதே பெயரில் பழைய தெய்வமும் உண்டு. உள்ளிருப்பவர்கள் "வரட்டும், நல்வரவு" என்பார்கள். புல்கட்டை மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கைச் சாப்பிடுவார்கள். பிறகுதான் அந்தப் புல்லால் பிரிஜித் சிலுவை முடைவது.

அந்தச் சிலுவையில்தான் கைத்தவறுகள் அதிகம். புல்லைக் கத்தியால் அறுக்கக் கூடாது, கையால் பிடுங்க வேண்டும் என்பது மரபு. காய்ந்த புல்லை எடுத்தால் மடிக்கும் இடத்தில் முறிந்துவிடும். பச்சையாக எடுங்கள், இல்லையென்றால் நீரில் ஊறவையுங்கள். ஒரு தண்டை நிமிர்த்திப் பிடித்து, இன்னொன்றை அதன் நடுவில் இரண்டாக மடித்துப் போட்டு, கால் வட்டம் திருப்பி, அடுத்ததை மடிக்க வேண்டும். ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவை விரலால் இறுக்கிப் பிடிக்காவிட்டால் எல்லாம் கழன்றுவிடும். நான்கு முனைகளையும் கட்டி வாசல் நிலைக்கு மேல் மாட்டுவார்கள்.

"இது பேகன் சடங்கு, கிறிஸ்தவம் திருடிவிட்டது" என்று கச்சை கட்டுவோர் ஒன்றை மறக்கிறார்கள். பிரிஜித் கவிஞர்கள் வணங்கிய தெய்வம் என்று சுமார் 900ஆம் ஆண்டின் ஐரிஷ் அகராதியான கோர்மாக் சொற்களஞ்சியம் சொல்வது உண்மை. ஆனால் பேகன் காலத்து இம்போல்க் சடங்கு எப்படி நடந்தது என்பதற்கு ஒரு வரிக் குறிப்பும் மிஞ்சவில்லை. நமக்குத் தெரிந்த வாசற்படி உரையாடலையும் சிலுவையையும் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் செபமாலை உருட்டிய கிராமத்துக் கத்தோலிக்கர்கள். அயர்லாந்தின் கில்டேர் மடத்தில் பிரிஜித்தின் அணையா நெருப்பை 19 கன்னியர் முறைவைத்துக் காத்தார்கள், 20ஆம் இரவைப் பிரிஜித்திடமே விட்டார்கள் என்று 12ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் ஜெரால்ட் எழுதினார். அந்த நெருப்பை 1993இல் மீண்டும் ஏற்றியவர்களும் கன்னியாஸ்திரிகளே.

அயர்லாந்தின் தாரா குன்றில் உள்ள 'பணயக் கைதிகள் மேடு' என்ற கல்லறை மேடு இம்போல்க் காலச் சூரிய உதயத்தை நோக்கி இருப்பதால் அதைக் கெல்டியர் கட்டினார்கள் என்பதும் தவறு. அது 5,000 ஆண்டுப் பழையது. கெல்டிக் மொழி அந்தத் தீவுக்கு வருவதற்கு வெகு முன்னால் எழுந்தது.

கடைசியாக, எனக்கு மிகுந்த எரிச்சல் தரும் ஒன்று. பிரிஜித்தின் பெயரில் உள்ளவை போன்ற அயர்லாந்தின் புனிதக் கிணறுகளின் அருகே உள்ள மரங்களில் துணி கட்டும் வழக்கம் உண்டு. நோயுற்ற இடத்தைத் துணியால் ஒற்றிக் கட்டுவார்கள். துணி மக்க மக்க நோயும் தேயும் என்பது நம்பிக்கை. அங்கே போய் நைலான் ரிப்பனும் பிளாஸ்டிக் பட்டையும் கட்டிவிட்டு வருகிறார்கள். மக்காத துணியில் நோய் எப்படித் தேயும்? இறுகிய முடிச்சு கிளையையும் நெரிக்கும். பருத்தியோ கம்பளியோ ஒரு கிழிசல் போதும், தளர்வாகக் கட்டுங்கள்.