கீழிருந்து தாங்கும் உள்ளாடை: கருப்பை இறக்கத்தின் கனத்தைக் குறைக்கும் வழி

காலையில் எழும்போது ஒன்றும் தெரிவதில்லை. பதினோரு மணி வாக்கில் அடிவயிறு கனக்கத் தொடங்குகிறது. மாலையில் அடுப்பருகே நிற்கையில் கீழே ஏதோ நழுவி வந்துவிடுமோ என்று தோன்றுகிறது. கால் நீட்டிச் சற்று நேரம் படுத்தால் தணிந்துவிடுகிறது. இடுப்புத் தளத் தசைகள் தளர்ந்த பெண்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இந்த வரிசையில்தான் இருக்கும். பெற்ற தாயிடம்கூடச் சொல்லக் கூசி, ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொண்ட பிறகே மருத்துவரிடம் வருபவர்கள் நம்மிடையே குறைவில்லை. இந்தக் கனத்தைப் பகற்பொழுதில் குறைத்துக்கொள்ள, மாத்திரையும் கத்தியும் இல்லாத ஓர் எளிய துணை உண்டு. அடிப்பகுதியைக் கீழிருந்து தாங்கும் உள்ளாடைதான் அது. அதைத் தேர்ந்தெடுப்பதிலும் அணிவதிலும் சில நுணுக்கங்கள் இருக்கின்றன. அவற்றை அறியாமல் வாங்கினால் கனம் கூடவும் செய்யலாம்.

எது தளர்கிறது, உள்ளாடை எதைத் தாங்குகிறது

முன்பக்கம் பூப்பெலும்பிலிருந்து பின்பக்கம் வால் எலும்பு வரை, குழந்தையைப் போட்டு ஆட்டும் தூளிபோல இடுப்புத் தளத் தசைகள் விரிந்திருக்கின்றன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகிய மூன்றையும் கீழிருந்து தாங்குவது அந்தத் தூளிதான். சுகப்பிரசவத்தில் அது மிகுதியாக இழுபடுகிறது. மாதவிடாய் நின்ற பின் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் அங்குள்ள திசுக்கள் மெலிகின்றன. தீராத இருமல், மலச்சிக்கலில் முக்குவது, நாள்தோறும் பளு தூக்குவது ஆகியவை மேலிருந்து அதை அழுத்திக்கொண்டே இருக்கின்றன. தண்ணீர் நிறைந்த பதினைந்து லிட்டர் குடம் குடத்தின் எடை போகவே பதினைந்து கிலோ என்பதை, அதைத் தூக்கும்போது நாம் நினைப்பதில்லை. தூளி தளர்ந்தால் மேலுள்ள உறுப்புகள் யோனியின் பக்கமாகச் சரிகின்றன. இதைத்தான் இறக்கம் என்கிறோம். கருப்பையை அகற்றிவிட்டவர்களுக்கு இது வராது என்று எண்ணுவது தவறு. அவர்களுக்கும் சிறுநீர்ப்பையோ யோனியின் மேற்பகுதியோ இறங்கலாம்.

தாங்கும் உள்ளாடை இறங்கிய உறுப்பை அதன் இடத்துக்குத் திருப்பி அனுப்புவதில்லை. யோனிக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட மென்மையான பகுதியை வெளியிலிருந்து மேல்நோக்கி ஏந்துகிறது. அதனால் அங்குள்ள திசுக்கள் கீழ்நோக்கி இழுபடுவது குறைகிறது, இழுபடுவது குறைவதால் கனமும் குறைகிறது. மருத்துவமனைகளில் அந்த இடத்துக் கட்டு நழுவாமலிருக்க இடுப்பில் ஒரு பட்டையும் கால்களுக்கு நடுவே ஒரு பட்டையுமாக ‘டி பாண்டேஜ்’ போடுவதுண்டு. தாங்கும் உள்ளாடைகளின் அமைப்பும் ஏறத்தாழ அதுவே. எலாஸ்டிக்கும் நல்ல தையலும் சேர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். அணிந்திருக்கும் வரை சுகம், கழற்றினால் பழைய நிலை என்பதால், இதை மருந்தாக அல்லாமல் கைத்தடியைப் போலக் கருதுவதே சரி.

வாங்கும் முன் ஒரு சோதனை

கனம் மிகுந்திருக்கும் மாலை வேளையில், சிறிய பருத்தித் துண்டொன்றை நான்காக மடித்து, நின்றபடியே உடைக்கு மேலாக அடிப்பகுதியில் வைத்து, உள்ளங்கையால் மெல்ல மேல்நோக்கி ஏந்திப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் இழுப்பு தணிந்தால், தாங்கும் உள்ளாடை உங்களுக்குப் பயன்பட வாய்ப்பு அதிகம். சிலர் தம்மை அறியாமலே நாற்காலியின் விளிம்பிலோ சோபாவின் கைப்பிடியிலோ அமர்ந்து இதே ஆறுதலைத் தேடுவதுண்டு. மாறாக, ஏந்தும்போது எரிச்சலோ வலியோ கூடினால் வாங்க வேண்டாம். இடுப்புத் தள வலி எல்லாமே தளர்ச்சியால் வருவதில்லை. சிலருக்குத் தசைகள் அளவுக்கு மீறி இறுகியிருப்பதாலும் வரும். இறுகிய தசையை இறுக்கமான ஆடைக்குள் வைத்தால் வலி வளரும். அவர்களுக்குத் தேவை தசையைத் தளர்த்தும் பயிற்சி. அதைச் சொல்லித்தர வேண்டியவர் பிசியோதெரபிஸ்ட்.

சோதனை நல்ல விடை தந்தாலும் உடனே செலவழிக்க வேண்டியதில்லை. வீட்டிலிருக்கும் பருத்தி உள்ளாடையில் ஒரு சானிட்டரி நாப்கினையோ மடித்த மெல்லிய பருத்தித் துணியையோ வைத்து, அதன்மேல் உடலோடு ஒட்டி நிற்கும் இன்னொரு உள்ளாடையை அணிந்து இரண்டு மூன்று நாள் பாருங்கள். பலருக்கு இதுவே போதுமாக இருக்கிறது. ஈரமான நாப்கினை நாள் முழுவதும் வைத்திருக்கக் கூடாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

தேர்ந்தெடுத்தல்

கடைகளில் மூன்று வகை கிடைக்கின்றன. கவட்டுப் பகுதியில் இரண்டு மூன்று மடிப்புத் துணி வைத்து, அங்கிருந்து இடுப்பின் இருபுறமும் எலாஸ்டிக் பட்டைகள் ஏறும் உள்ளாடை முதல் வகை. சாதாரண உள்ளாடையின் மேல் அணிந்து, வெல்க்ரோவால் இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் இயலும் பட்டை இரண்டாவது. தொடை வரை நீளும் அழுத்தக் கால்சட்டை மூன்றாவது. அன்றாடம் வீட்டிலும் வேலையிலும் அணிய முதல் வகையே வசதி என்பது என் கருத்து. பட்டை வகை நன்றாக ஏந்தும். ஆனால் ஒவ்வொரு முறை கழிப்பறைக்குச் செல்லும்போதும் அவிழ்த்து மாட்ட வேண்டும், புடவைக்குள் அது பெரும் தொல்லை.

எந்த வகையானாலும் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அழுத்தம் எங்கிருந்து எந்தப் பக்கம் செல்கிறது? கவட்டுப் பகுதி உறுதியாகவும் வயிற்றுப் பகுதி நெகிழ்வாகவும் இருக்க வேண்டும். வயிற்றை ஒடுக்கிக் காட்டும் ஷேப்வேர் இதற்கு நேர் எதிரானது. பற்பசைக் குழாயின் நடுவில் அழுத்தினால் பசை வாய் வழியே வருவதைப்போல, வயிற்றைச் சுற்றி இறுக்கினால் அழுத்தம் கீழே, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் தூளியின்மேல்தான் போய் இறங்கும். திருமணத்துக்குப் போகும் நாளில் ஷேப்வேர் அணிந்து, பந்தியில் நிற்க முடியாமல் திரும்பும் பெண்களுக்குக் காரணம் பெரும்பாலும் புரிவதில்லை.

பிரசவத்துக்குப் பின் பழைய பருத்திப் புடவையைக் கிழித்து வயிறு கட்டும் நம் வீட்டு வழக்கத்தையும் இங்கே பேச வேண்டும். தளர்ந்த வயிற்றுக்கு மிதமான கட்டு இதமாக இருக்கும், நடக்கும்போது முதுகுக்கும் துணையாகும். அந்த அளவில் பாட்டிமார் சொல்வதில் குற்றமில்லை. ஆனால் வயிறு பழையபடி உள்ளே போக வேண்டும் என்று மேலிருந்து கீழாக இறுக்கிக் கட்டினால், பிரசவத்தில் இழுபட்டு இன்னும் ஆறாத தசைகள் அந்த அழுத்தத்தைச் சுமக்கின்றன. கட்ட வேண்டுமென்றால் அடிவயிற்றில் தொடங்கி மேல்நோக்கி, விரல்கள் தாராளமாக நுழையும் அளவுக்குக் கட்டுங்கள். மூச்சு இழுத்துவிடத் தடை இருக்கக் கூடாது. தையல் போட்டிருந்தால், அது ஆறியதை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே தாங்கும் உள்ளாடையைத் தொடங்க வேண்டும். சிசேரியன் தழும்பின்மேல் எலாஸ்டிக் உட்காராத, உயர்ந்த இடுப்புள்ள மாதிரியை எடுப்பது நல்லது. கர்ப்பகாலத்தில் பிறப்புறுப்பின் இரத்த நாளங்கள் புடைத்து வலிப்பவர்களுக்கும் இத்தகைய பட்டைகள் ஆறுதல் தரும் என்றாலும், மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

அளவை மாலையில், நின்றபடி எடுங்கள். தொப்புள் மட்டத்தில் ஒன்று, புட்டத்தின் மிக அகன்ற இடத்தில் ஒன்று என இரண்டு சுற்றளவுகளும் வேண்டும். அட்டைப்பெட்டியில் 85, 90, 95 என்று சென்டிமீட்டரில் போட்டிருந்தால், அது இடுப்பின் அளவா புட்டத்தின் அளவா என்று கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி குறிப்பதில்லை. இரண்டு அளவுகளுக்கு இடையில் இருப்பவர்கள் பெரியதையே எடுக்கலாம். சின்னதாக எடுத்தால் நன்றாகத் தாங்கும் என்ற எண்ணம் தொடை மடிப்பில் புண்ணில்தான் முடியும். உடலைத் தொடும் உட்புறத் துணி பருத்தியாக இருக்கட்டும், நம் வெயிலுக்கு நைலான் ஆகாது.

அணிதல்

படுத்தபடி அணிவதுதான் இதில் பாதிப் பயன். காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, மீண்டும் கட்டிலில் மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பைச் சற்று உயர்த்தியபடி உள்ளாடையை மேலே இழுங்கள். அந்த நிலையில் உறுப்புகள் மேல்நோக்கி நகர்ந்திருக்கும்; அவற்றின் கீழே தாங்கல் வந்து அமர்கிறது. நின்றுகொண்டு அவசரமாக மாட்டினால் சரிந்த நிலையிலேயே அவற்றைப் பிடித்துவைத்ததாகிவிடும். பிறகு எழுந்து நின்று, ஒருமுறை இருமி, நான்கு படி ஏறி இறங்கி, குந்தி எழுந்து பாருங்கள். இடுப்புப் பட்டைக்குள் இரண்டு விரல் எளிதில் நுழைய வேண்டும். கவட்டுத் துணி ஒருபுறம் ஒதுங்கக் கூடாது.

முதல் நாள் ஒரு மணி நேரம் போதும். கழற்றிய பின் தோலில் விழுந்த தடம் சிறிது நேரத்தில் மறைந்தால், அடுத்த நாள் இரண்டு மணி நேரம் என்று கூட்டலாம். நாள் முழுவதும் அணிய வேண்டிய கட்டாயமில்லை. நிற்கும் வேலை, நடை, சந்தை, பேருந்துப் பயணம் போன்ற நேரங்களுக்கு ஒதுக்கிக்கொள்வது சிறந்தது. இரவில் கழற்றிவிட வேண்டும், படுத்திருக்கும்போது தாங்குவதற்கு ஒன்றுமில்லை. தொடையில் மரத்துப்போதல், கால் வீக்கம், சிறுநீர் தடைப்பட்டு வருதல் ஆகியவை தோன்றினால் உடனே கழற்றுங்கள். அளவு சரியில்லை, அல்லது உங்களுக்கு அது ஏற்றதில்லை.

புடவை கட்டுபவர்கள் உள்பாவாடை நாடாவையும் கவனிக்க வேண்டும். கீழே எவ்வளவு நன்றாகத் தாங்கினாலும், மேலே நாடா வயிற்றை அறுத்துக்கொண்டிருந்தால் பயன் பாதியாகிவிடும். நாடாவுக்குப் பதில் அகலமான எலாஸ்டிக் தைத்துக்கொள்வது தையற்கடையில் அரை மணி நேர வேலை.

ஜவுளிக் கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றே விற்கும் பெண்களுக்கு இந்த உள்ளாடை உதவும். அதைவிட உட்கார்வது உதவும். ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவரப்பட்டது. கூட்டமில்லாத நேரத்தில் பத்து நிமிடம் உட்கார்வது சட்டம் தந்த உரிமை, சோம்பல் அல்ல.

துவைப்பதில் இரண்டு தவறுகள் பரவலாக நடக்கின்றன. வெந்நீரில் ஊறவைத்து முறுக்கிப் பிழிவதால் எலாஸ்டிக் விரைவில் தளர்கிறது. கூச்சத்தால் வேறொரு துணிக்கு அடியில் மறைத்து உலர்த்துவதால் ஈரம் முழுதாகப் போகாமல் பூஞ்சைத் தொற்றுக்கு வழியாகிறது. குளிர்ந்த நீரில் அலசி, காற்றோட்டமான இடத்தில் முற்றிலும் உலர்த்துங்கள். மாற்றி அணியக் குறைந்தது மூன்று உள்ளாடைகள் வேண்டும். இழுத்துவிட்டால் பழைய அளவுக்குத் திரும்பாத உள்ளாடை, தாங்கும் வேலையை விட்டுவிட்டது என்று பொருள்.

உள்ளாடையோடு சேர வேண்டியவை

1948இல் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் எழுதி வெளியிட்ட பயிற்சி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. வாயுவை அடக்குவதுபோல ஆசனவாயையும் யோனியையும் உள்ளிழுத்து, மேல்நோக்கித் தூக்கி, சில விநாடி நிறுத்தி, முழுமையாகத் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்கு எட்டு முறை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம் செய்ய வேண்டும். தளர்த்துவதும் பயிற்சியின் பாதி என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இருமும் முன்பும் குடத்தைத் தூக்கும் முன்பும் இதே தசையை இழுத்துப் பிடித்துக்கொண்டால் கீழிறங்கும் அழுத்தம் குறையும். உள்ளாடை இருக்கிறதே என்று பயிற்சியைக் கைவிட்டால் தசை தளர்ந்தபடியேதான் இருக்கும். இறக்கம் மிகுந்தவர்களுக்கு, யோனிக்குள் பொருத்தும் பெசரி என்ற சிலிக்கோன் வளையத்தை மருத்துவர் அளவு பார்த்து வைப்பார். உள்ளாடையால் ஆகாத வேலையை அது செய்யும்.

சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, மாதவிடாய் நின்ற பின் இரத்தம் படுவது, வெளியே தெரியும் சதை புண்ணாவது, காய்ச்சலோடு துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் உள்ளாடையைப் பற்றி யோசிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அவசரமில்லாத பரிசோதனைக்கு மாலை நேரத்தைக் கேட்டு வாங்குவது நல்லது. காலையில் படுக்கவைத்துப் பார்த்தால் இறக்கம் குறைவாகத் தெரியக்கூடும். நிற்கும்போதுதான் தொந்தரவு என்றால், நின்றபடியும் பார்க்குமாறு மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். அணிந்துவரும் உள்ளாடையையும் பையில் எடுத்துச் சென்று காட்டினால், அது சரியான இடத்தில் தாங்குகிறதா என்று அவரே பார்த்துச் சொல்லிவிடுவார்.