‘அன்கான்ஷனபிள்’ என்ற சொல்லை எங்கே எழுதுவது

ஒரு செயல் தவறு என்பதை ஆங்கிலத்தில் சொல்லப் பல சொற்கள் இருந்தாலும், மனசாட்சி உள்ள எவரும் செய்யத் துணியாத செயல் இது என்று கண்டிப்பதற்கு ‘அன்கான்ஷனபிள்’ என்ற சொல்லே பொருத்தமானது. மனசாட்சியைக் குறிக்கும் ‘கான்ஷன்ஸ்’ என்பதோடு உறவுடைய இச்சொல்லில் ‘கான்’ என்ற அசையை அழுத்தி உச்சரிக்க வேண்டும். நினைவிழந்த நிலையைச் சொல்லும் ‘அன்கான்ஷியஸ்’ வேறு சொல்.

இதன் முழு வலுவை அறிய 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 16ஆம் பிரிவைப் படிக்கலாம். ஏற்கெனவே கடன்பட்ட ஒருவர் தம் ஊர் வட்டிக்காரரிடமே மறுபடியும் கடன் வாங்க, அதன் நிபந்தனைகள் ‘அன்கான்ஷனபிள்’ என்று தோன்றினால், முறையற்ற செல்வாக்கைப் பயன்படுத்தவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வட்டிக்காரருடையது என்கிறது அங்குள்ள எடுத்துக்காட்டு. கந்துவட்டியின் கொடுமையைக் கண்டவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. நிரந்தர ஊழியரை மூன்று மாத அறிவிப்பு கொடுத்து, காரணம் எதுவும் காட்டாமல் நீக்கலாம் என்றிருந்த ஓர் அரசு நிறுவனத்தின் விதியையும் 1986இல் உச்ச நீதிமன்றம் இதே சொல்லால் கண்டித்து, செல்லாது என்று தீர்ப்பளித்தது.

இரண்டிலும் ஒரு தரப்பு வலியது. மறு தரப்புக்குப் போக்கிடம் இல்லை. பழிக்கத்தக்க எந்தச் செயலுக்கும் ‘ரெப்ரிஹென்சிபிள்’ பொருந்தும் என்றாலும், எளியவரின் இயலாமையை வலியவர் தமக்கு ஆதாயமாக்கிக்கொள்ளும் இடத்துக்கே ‘அன்கான்ஷனபிள்’ என்பதை ஒதுக்கி வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத ஒன்றையும் இச்சொல்லால் கண்டிக்க முடியும் என்பதால், மனு எழுதுபவர்களுக்கு இது பெரிதும் உதவும்.

பெரும்பாலும் இதை ஆளுக்கு அடைமொழியாக்காமல், வட்டி, விலை, நிபந்தனை, நடத்தை போன்றவற்றின் முன் வைப்பதே வழக்கம். ‘இட் இஸ் அன்கான்ஷனபிள் தட்’ என்று தொடங்கினால், நடந்த அநீதியை அடுத்து முழுமையாக எழுத வேண்டும். சொல்லே கடுமையானது என்பதால் முன்னால் ‘வெரி’ சேர்க்க வேண்டாம். தாமதத்தைக் குறிக்கும்போது அளவுகடந்த என்ற பொருளே மேலோங்கும்.

தமிழாக்கும்போது ‘மனசாட்சியற்ற’ என்பது ஆளின் இயல்பைச் சுட்டுவதாகிவிடும். செயலுக்கோ நிபந்தனைக்கோ ‘மனசாட்சிக்கு ஒவ்வாத’ என்று எழுதுவதே சரி.