யாழ்ப்பாண வட்டாரத் திட்டத்தில் குளம், வேலி, மரம்: எங்கே தொடங்குவது, எப்படிச் செய்வது

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறுகூட மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடல்நீரேரியில் விழுகிறது. கிணற்றில் நாம் அள்ளுவது சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைநீர். உவர்நீரின் மேல் மிதக்கிற நன்னீர்ப் படை. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கரையோர நிலத்தடி நீரின் அடிப்படைக் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உவர் ஏறும். ஆகவே இங்கே நகரத் திட்டத்துக்குள் இயற்கையைக் கொண்டுவருகிறவர்கள் பூங்காவில் தொடங்கக்கூடாது. மழைவெள்ளம் எந்த வழியால் வந்து எங்கே நிற்கிறது என்பதில்தான் தொடங்கவேண்டும். அந்த வழியைத் திறந்து வைத்தால் தவளை, மீன், பறவை எல்லாம் அதே வழியால் வந்து சேரும்.

கீழே சொல்வது ஒரு வட்டார அளவுக்கானது. சனசமூக நிலையம் முன்னின்று, மாநகர சபை அல்லது பிரதேச சபையின் அனுமதியோடு செய்யக்கூடியது.

முதலில் இரண்டு முறை நடந்து பாருங்கள்

கார்த்திகை மழையில் ஒருமுறை, ஆவணி வெயிலில் ஒருமுறை. மழையில் நடக்கும்போது ஒழுங்கைகளில் வெள்ளம் எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்த மதகில் அடைபடுகிறது, எந்த மதில் அதை மறிக்கிறது என்று நில அளவைப் படத்தின் பிரதியில் அம்புக்குறி போடுங்கள். குளம், கேணி, துரவு, வெறுங்காணி, பனங்கூடல், பெரிய மரம், உயிர்வேலி எல்லாவற்றையும் அதே படத்தில் குறியுங்கள்.

ஆவணி நடைக்கு வேறு நோக்கம். மூன்று கிழமை மழையே இல்லாத நாளில் வெள்ளவாய்க்காலில் தண்ணீர் ஓடினால் அது மழைநீர் அல்ல, யாரோ இணைத்துவிட்ட கழிவுநீர். வாய்க்கால் ஓரமாக மேல்நோக்கி நடந்தால் குழாய் வாய் தெரியும். கீழே சாம்பல் நிறச் சேறும் சவர்க்கார நுரையும் இருக்கும். இந்த இணைப்புகளை பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் நிறுத்தாமல் குளத்தில் ஒரு ரூபாயும் செலவழிக்கவேண்டாம். எவ்வளவு தூர்வாரினாலும் அந்தக் குளம் திரும்பப் பச்சைப்பாசி பிடித்து நாறும்.

குளம்

வேலை நடக்கவேண்டிய காலம் ஆடி முதல் புரட்டாதி நடுப்பகுதி வரை. ஐப்பசியில் மழை தொடங்கிவிடும். அள்ளிய சேறு கரையிலேயே கிடந்தால் முதல் மழையில் மறுபடி உள்ளே போகும்.

பெக்கோ (மண் அள்ளும் இயந்திரம்) இறங்குவதற்கு முன் குளத்தின் அடியில் ஐந்தாறு இடங்களில் மண்வெட்டியால் சோதனைக்குழி வெட்டுங்கள். மேலே கறுத்த, மென்மையான வண்டல். அதன் கீழே இறுகிய களி: விரலால் அழுத்தினால் அச்சுப் பதியும், உருட்டினால் உடையாமல் திரிபோல் நீளும். களி எந்த ஆழத்தில் தொடங்குகிறது என்று ஒவ்வொரு குழியிலும் அளந்து முளை அடித்து அடையாளம் வையுங்கள். வண்டலை மட்டும் எடுங்கள். களிப்படையில் 30 சென்ரிமீற்றராவது மிஞ்சவேண்டும். "ஆழமாக்கினால் கூடத் தண்ணீர் நிற்கும்" என்று களியையும் கிண்டி எடுத்தால் அடியில் இருப்பது வெடிப்பு விழுந்த சுண்ணக்கல். தை மாதத்திலேயே குளம் வெறுமையாகும். அதைவிட மோசம், குளத்து அழுக்கு வடிகட்டாமல் நேரே அயற்கிணறுகளுக்குப் போகும். கடற்கரையை அண்டிய குளத்தில் ஆழம் கூடினால் உவர் வெளிப்படும்.

எடுத்த வண்டலைத் தோட்டங்களுக்குக் கொடுக்கலாம். ஆனால் கராச், கடைத்தெரு ஆகியவற்றின் வடிகால் விழுகிற குளமென்றால் எண்ணெய், ஈயம் இருக்கின்றனவா என்று ஆய்வுகூடத்தில் பார்த்த பிறகே தோட்டத்துக்குக் கொடுங்கள்.

கரைதான் எல்லாரும் பிழைவிடுகிற இடம். சுற்றிவரச் செங்குத்தாகக் கல்லும் சீமெந்தும் கட்டி, நடைபாதை போட்டு, மின்விளக்கு நட்டால் படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் உள்ளே விழுந்த ஆமையும் ஆட்டுக்குட்டியும் ஏறமுடியாது, கோரை வேர்பிடிக்க இடமில்லை, கொக்கு கால்வைக்க ஆழமற்ற தண்ணீர் இல்லை. வீதி ஓரமாக உள்ள ஒரு பக்கத்துக்கு மட்டும் கட்டு போதும். மற்றப் பக்கங்களை 1 மீற்றர் ஆழத்துக்கு 3 முதல் 5 மீற்றர் அகலம் வரும்படி சரிவாக விடுங்கள். இடம் நெருக்கமென்றால் ஒரு மூலையையாவது அப்படிச் சரியுங்கள். சிங்கப்பூரில் பிஷான் பூங்கா ஓரமாக 2.7 கிலோமீற்றர் நேர்கோடாக ஓடிய கொங்கிறீற் வாய்க்காலை உடைத்து 3.2 கிலோமீற்றர் வளைந்தோடும் ஆறாக 2012 இல் மாற்றி முடித்தார்கள். கொங்கிறீற் போட்டுவிட்டுப் பிறகு உடைப்பது பெருஞ்செலவு. நாங்கள் போடாமலே விடலாம்.

வெள்ளம் உள்ளே வரும் வாயில் ஒரு மண்டிக்குழி வேண்டும்: 1.5 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம், 1 மீற்றர் ஆழம். அதற்கு முன்னால் 3 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரும்புக் கம்பி. பொலித்தீனும் பிளாஸ்ரிக் போத்தலும் கம்பியில் நிற்கும், மணல் குழியில் படியும். மழைக்காலத்தில் பெரிய மழை ஒவ்வொன்றுக்கும் பிறகு துப்புரவாக்கவேண்டும். இதற்கு ஆள் யார் என்று திட்டத்திலேயே எழுதாவிட்டால் முதல் மாரியிலேயே கம்பி அடைத்து வெள்ளம் வீதிக்கு ஏறும். பிறகு யாரோ கம்பியைக் கழற்றி எறிவார்கள்.

கரைச் சரிவில் கோரை, நீர்முள்ளி, வல்லாரை. ஒரு மூலையில் தாழை. தண்ணீரில் அல்லி அல்லது தாமரை, பரப்பில் மூன்றிலொன்றுக்கு மேல் போகாமல். மேட்டில் மருது, புங்கை, நாவல், இலுப்பை. கட்டுள்ள பக்கத்தில் கட்டிலிருந்து 5 மீற்றர் தள்ளி. ஆகாயத்தாமரையும் சல்வீனியாவும் ஒரு குத்தாக இருக்கும்போதே கையால் எடுத்து, கரையிலிருந்து 10 மீற்றர் தள்ளிக் காயவிடுங்கள். வெளிமீன் வாங்கி விடவேண்டாம். ஜப்பான் மீன் என்று நாம் சொல்கிற திலாப்பியா கரைச் செடியைத் தின்று, சேற்றைக் கிளறி, உள்ளூர்ச் சிறுமீனை ஒழித்துவிடும்.

நுளம்பு பற்றிக் கேள்வி வரும், நியாயமான கேள்வி. டெங்கு நுளம்பு பெரும்பாலும் முட்டையிடுவது ரயர், சிரட்டை, பூச்சாடித் தட்டு, அடைபட்ட பீலி போன்றவற்றில் தேங்கும் சிறு தண்ணீரில். மீனும் தும்பியின் குடம்பியும் உள்ள குளத்தில் நுளம்புக் குடம்பிகள் தப்புவது அரிது. குளக்கரையில் குப்பை கொட்டவிடாமல் பார்ப்பதே அங்கு செய்யவேண்டிய டெங்கு ஒழிப்பு.

வளவு: பெர்லினின் கணக்கு

ஒரு காணியில் எவ்வளவு நிலம் மூச்சுவிடுகிறது என்பதை பெர்லின் நகரம் ஓர் எண்ணாக்கி வைத்திருக்கிறது. அதன் தொடக்க அட்டவணைப்படி சீமெந்து 0, இடைவெளி விட்டுப் பதித்த கல் 0.3, சரளையும் புல்லும் 0.5, திறந்த மண்ணில் செடி 1.0. கூரைத்தண்ணீரை நிலத்துக்குள் விட்டால் கூரைப் பரப்புக்கு 0.2. பரப்பளவை எண்ணால் பெருக்கிக் கூட்டி, காணியின் பரப்பால் வகுக்கவேண்டும். புதிய குடியிருப்புக்கு அங்கே இலக்கு 0.60.

இரண்டு பரப்புக் காணியை எடுப்போம் (பரப்பு என்பது இங்கே நம் ஊர் நில அளவு), ஏறக்குறைய 506 சதுர மீற்றர். கூரை 180, சீமெந்து முற்றம் 150, தோட்டம் 176. தோட்டத்தை மட்டும் எண்ணினால் 0.35. கூரைத்தண்ணீரைக் குழிக்குள் விட்டால் 0.42. முற்றத்தில் 100 சதுர மீற்றரைத் திரும்ப மண்ணாக்கிச் செடி வைத்தால் 0.62. கட்டட அனுமதி விண்ணப்பத்தோடு இந்தக் கணக்கை இணைக்கும்படி சபை ஒரு தாள் கேட்டாலே போதும். வீடு கட்டுகிறவர் முற்றத்துக்குச் சீமெந்து போட முன்னர் ஒருமுறை யோசிப்பார்.

கூரைத்தண்ணீர்க் குழி 1 மீற்றர் அகல நீளம், 1.5 மீற்றர் ஆழம், கல் நிரப்பினால் 600 லீற்றர் அளவே கொள்ளும். 100 சதுர மீற்றர் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை 2,500 லீற்றர். எனவே மேலே வழிந்தோட ஒரு குழாய் கட்டாயம். பருவத்தின் முதல் மழையை உள்ளே விடாதீர்கள். கூரையில் படிந்த எச்சமும் தூசியும் அதில் வரும். மலசலகூடக் குழியிலிருந்து 15 மீற்றர் தள்ளியே வெட்டுங்கள்.

வேலியும் பனையும்

கிளுவை, பூவரசு, முள்முருக்கு வேலிகள் ஒழுங்கைக்கு ஒழுங்கை தொடர்ந்து போகும்வரை ஓணானும் செண்பகப் பறவையும் ஊர் முழுக்கப் போய்வரும். மதில் வந்ததும் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடுகிறது. மதில்தான் வேண்டும் என்பவர்கள் நிலமட்டத்தில் ஐந்து மீற்றருக்கு ஒன்றாக, ஒரு சாண் அகலத்தில் துவாரம் விடட்டும். வெள்ளமும் அதனால் வடியும். புதிதாக வேலி வைக்க, ஐப்பசியில் மணிக்கட்டுத் தடிப்பில் 5 அடிக் கதியால்களை ஓரடி இடைவெளியில் ஓரடி ஆழத்துக்கு ஊன்றுங்கள். நுனியைச் சரிவாக வெட்டினால் தண்ணீர் நிற்காது, அழுகாது.

பனையில் தொங்குகிற காவோலையை வீட்டுக்கு மேல் விழும் ஆபத்து இல்லாத இடத்தில் அப்படியே விடுங்கள். பனை உழவாரன் குருவி அந்த ஓலையின் உட்புறத்தில்தான் இறகையும் பஞ்சையும் எச்சிலால் ஒட்டிக் கூடு செய்கிறது. வட்டு (தலைப்பகுதி) போன பனையின் பொந்து கிளிக்கு வீடு. பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் தறிக்க இலங்கைச் சட்டப்படி அனுமதி தேவை. இதைத் திட்டத்தில் எழுதி வையுங்கள்.

வீதி மரம்

சுண்ணக்கல் மேலே தெரிகிற இடத்தில் சிறுகுழி தோண்டி நட்டால் மரத்தின் வளர்ச்சி மூன்றாம் வருடம் நின்றுபோகும், மரம் காற்றில் சாயும். 1 மீற்றர் கனக்குழி வெட்டி, அடிக்கல்லை அலவாங்கால் உடைத்து வெடிப்பு உண்டாக்கி, செம்பாட்டு மண் இரண்டு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு இட்டு நிரப்புங்கள். வேம்பு, புங்கை, நாவலுக்கு 8 முதல் 10 மீற்றர் இடைவெளி. மின்கம்பிக்குக் கீழே கொன்றை போன்ற சிறுமரம். நடுவது ஐப்பசி கடைசியில். அடுத்த இரண்டு கோடைக்கும் கிழமைக்கு இரண்டு தரம், தரத்துக்கு 20 லீற்றர். அடிமரத்தைச் சுற்றி 1.5 மீற்றர் சதுரத்துக்குச் சீமெந்து வரக்கூடாது. வீதி அகலிக்கும் ஒப்பந்தத்திலேயே இதை எழுதாவிட்டால் நிச்சயம் வரும்.

பதிவு

வேலை தொடங்குமுன் ஒரு வருடம், மாதம் ஒருமுறை, காலை 6.30 முதல் ஒரு மணிநேரம் அதே பாதையில் பறவை, வண்ணத்துப்பூச்சி, தும்பி எண்ணுங்கள். குளத்து நீர்மட்டத்தையும் அயலில் மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தையும் அதே நாளில் அளந்து கொப்பியில் எழுதுங்கள். பாடசாலை உயர்தர உயிரியல் மாணவர்கள் இதை நன்றாகச் செய்வார்கள். மொத்தச் செலவில் ஐந்திலொன்றைப் பராமரிப்புக்கென ஒதுக்கி, மூன்று வருடத்துக்குப் பிரித்துச் சபையின் வரவு செலவுத் திட்டத்தில் தனி வரியாகப் போடச் சொல்லுங்கள்.