இருவர் சம்பளம், ஓர் அட்டை

கணவர் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிலும் மனைவி நாகர்கோவிலிலும் பணிபுரிய, தமிழக-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளையில் குடியிருக்கும் இணையர் எங்கள் பகுதியில் பலர். இருவரும் நன்றாகச் சம்பாதிப்பதால் ஆளுக்கு மூன்று கிரெடிட் கார்டுகள் வைத்திருப்பார்கள். செலவுக்கு வெகுமதியாகக் கிடைக்கும் புள்ளிகளோ எதிலும் உருப்படியாகச் சேராமல் சிதறிக் கிடக்கும்.

மளிகை, மின்கட்டணம், பள்ளிக் கட்டணம் ஆகியவற்றை ஒருவர் பெயரிலுள்ள ஒரே கிரெடிட் கார்டு கணக்கில் செலுத்தி, மற்றவருக்கு அதிலேயே துணை அட்டை வாங்கிக்கொள்வது நல்லது. ஆனால் துணை அட்டையின் கடன் வரலாறு முதன்மை அட்டைதாரரின் பெயரிலேயே பதிவாகும் என்பதால், மற்றவர் தம் பெயரில் ஆண்டுக் கட்டணமில்லாத அட்டை ஒன்றையும் வைத்திருப்பது, பிற்பாடு வீட்டுக்கடன் கேட்கும்போது கைகொடுக்கும். பெட்ரோலுக்குப் பெரும்பாலான அட்டைகள் புள்ளி தருவதில்லை. அட்டையில் செலுத்துவதற்கு விதிக்கப்படும் கூடுதல் கட்டணத்தை மட்டுமே தள்ளுபடி செய்கின்றன. கேரளத்தைவிட இங்கே விலை குறைவு என்பதால், எல்லை தாண்டுமுன் நிரப்புவதே மெய்யான லாபம்.

ரூபே கிரெடிட் கார்டை 2022 முதல் யுபிஐயுடன் இணைக்க முடிவதால், கடைகளின் கியூஆர் வழியாகவும் செலுத்தலாம். தனிநபருக்கு அனுப்ப இயலாது.

குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால், பல அட்டைகளில் மாதம் 3.5 சதவீத அளவில் வட்டி ஏறுவதுடன், புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாக் காலம் பறிபோகும். ஆகவே சம்பளக் கணக்கிலிருந்து முழுத்தொகையும் தானாகக் கழியுமாறு இன்றே ஏற்பாடு செய்துவிடுங்கள்.